பீடோங் அறிபுனை, மிகுபுனை இழை: இப்போது கையில் என்ன, கணக்கு எங்கே இடிக்கிறது?

மங்கு_உளி | #1

பழைய இழை நீண்டுபோய் எதையும் தேட முடியவில்லை, அதனால் புதிதாக ஒன்று. மலேசியாவின் கெடாவில் பீடோங், செமிலிங், மெர்போக், சுங்கைப் பட்டாணிப் பக்கம் அறிபுனை (அறிவியல் கதை), மிகுபுனை (மாயக் கதை) படிக்கிற எல்லாரும் எழுதலாம். "சூப்பர்", "மொக்கை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு ஓடாதீர்கள். புத்தகத்தில் எது நிற்கிறது, எது சாய்கிறது, ஏன் என்று எழுதுங்கள். முடிவை உடைத்தால் பதிவு நீக்கப்படும்.

முதல் பங்கு என்னுடையது: ஆண்டி வியரின் "தி மார்ஷியன்". 2011-இல் ஆசிரியரே வெளியிட்டது, 2014-இல் பதிப்பகம் வழியாக வந்தது. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட தாவரவியலாளர் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கப் பார்க்கிறார். தண்ணீர் தயாரிக்கும் அத்தியாயத்தைப் பென்சிலோடு படியுங்கள். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனை இரிடியம் வினையூக்கியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டால் நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர். எடைக்கணக்கு சுலபம்: 1 கிலோ ஹைட்ரஸீனில் 125 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது, அதை எரிக்க 1 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும், கிடைப்பது 1.125 கிலோ தண்ணீர். அதாவது எரிபொருளைவிட எடை கூடுதலாகத் தண்ணீர் வருகிறது. இதை நம்பாமல் சண்டைக்கு வருகிறவர்கள் காற்றிலிருந்து சேரும் ஆக்ஸிஜனை மறந்துவிடுகிறார்கள்.

இதில் கெட்டுப்போவது எங்கே என்றால், எரியாமல் மிஞ்சும் ஹைட்ரஜன். அது உள்ளே இருக்கும் காற்றில் கலந்து சேர்ந்துகொண்டே போகும். அதை ஒழிக்க ஆக்ஸிஜனை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கிறார், ஆனால் தன் முகமூடியிலிருந்து மூச்சோடு வெளியே வருகிற ஆக்ஸிஜனைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெடிக்கிறது. இந்தத் தப்பு ரொம்ப நியாயமான தப்பு. அதனாலேயே அந்த அத்தியாயம் நிற்கிறது.

கிராணி_கணக்கு | #2

தண்ணீர் சரி. புயல் சரியில்லை, அண்ணே.

கதை தொடங்குவதே மணிக்கு 175 கிமீ புயலில்தான். செவ்வாயின் காற்று நம் காற்றின் அடர்த்தியில் சுமார் 60-இல் ஒரு பங்கு. காற்று தள்ளும் விசை அடர்த்தியோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறும். எனவே 175-ஐ 60-இன் வர்க்கமூலத்தால், அதாவது ஏறக்குறைய 7.75-ஆல் வகுக்க வேண்டும். வருவது 22 அல்லது 23. பீடோங்கில் மணிக்கு 22 கிமீ காற்றடித்தால் கொடியில் காயும் கைலி ஆடும், அவ்வளவுதான். ராக்கெட் சாயாது. இது தெரிந்தேதான் அப்படி வைத்தேன் என்று வியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆளைத் தனியாக விட ஒரு காரணம் வேண்டியிருந்தது.

இன்னொன்று மண். 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டுபிடித்தது, எடையில் சுமார் அரை சதவீதம். தைராய்டைக் கெடுக்கும். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணை இரண்டு மூன்று முறை அலசி வடித்தால் போய்விடும். புத்தகத்தில் அந்த அலசல் இல்லை. இருந்திருந்தால் தண்ணீர்க் கணக்கு இன்னும் இறுக்கமாகி, கதை இன்னும் சூடாகியிருக்கும்.

செம்பனை_பூ | #3

ஒரு சந்தேகம். உருளைக்கிழங்குக்குப் பதில் மரவள்ளி கொண்டுபோயிருக்கலாமே? நம்ம ஊரில் ஜப்பான்காரன் காலத்தையே மரவள்ளிதானே தாங்கியது?

மங்கு_உளி | #4

தம்பி, நல்ல கேள்வி. எடைக்கு எடை பார்த்தால் மரவள்ளிதான் ஜெயிக்கும்: 100 கிராமில் 160 கலோரி. உருளைக்கிழங்கில் 77. ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்று வயிற்றைக் கட்டினாலும் உருளைக்கிழங்கு 2 கிலோ தின்ன வேண்டும், மரவள்ளி 1 கிலோவுக்குக் கீழே போதும்.

ஆனால் மூன்று இடத்தில் மரவள்ளி தோற்கும். ஒன்று, நாள்: உருளைக்கிழங்கு 3, 4 மாதத்தில் கைக்கு வரும், மரவள்ளிக்கு 8 மாதமாவது ஆகும். இரண்டு, விதை: மரவள்ளிக்குக் குச்சி வேண்டும், சாப்பாட்டுக்கு அனுப்பிய கிழங்கை வைத்துப் பயிர் போட முடியாது. உருளைக்கிழங்கில் ஒரு கண்ணோடு துண்டு வெட்டினால் போதும், கதையே அதில்தான் நிற்கிறது. மூன்று, இருப்பு: பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுப்போகும். கசப்பு வகையாக இருந்தால் சயனைடு வேறு. தோல் சீவி, ஊறவைத்து, மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்ட வேண்டும். தண்ணீரைக் கொட்டுவதா, செவ்வாயில்?

நிலா_சிபி | #5

இங்கே எல்லாரும் இங்கிலீஷ் புத்தகத்தையே பேசுகிறீர்கள். என் கையில் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா". 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, கதை நடப்பது 2021-இல். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும், பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. நிலாவுக்கு அனுமதி கிடைத்த நேரத்தில் கணவன் சிபியைக் காணோம். அங்கிருந்து கிளம்புகிறது.

தொடர்கதை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும், அடுத்த வாரம் வரைக்கும் வாசகரை இழுத்துப் பிடிக்க வேண்டுமே. ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கொக்கிகளே சலிப்பாகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் சரியான அளவு. ஜீனோ என்ற இயந்திர நாய்தான் புத்தகத்தின் உயிர். ஜீனோவுக்குப் பேச்சில் அடக்கமும் கிண்டலும் கலந்து கொடுத்திருக்கிறார், ஒரு வரியைப் பார்த்ததுமே இது ஜீனோ என்று தெரியும். இன்றைக்கு எழுதுகிறவர்கள் இயந்திரத்துக்குப் பேச்சுக் கொடுக்கும்போது ஒன்று செய்தி வாசிப்பவர் மாதிரி எழுதுகிறார்கள், இல்லையென்றால் பச்சைக் குழந்தை மாதிரி. இரண்டும் வேண்டாம் என்பதற்கு இதுதான் பாடம்.

"மீண்டும் ஜீனோ" இரண்டாம் பாகம். அதை முதலில் எடுத்தால் முதல் பாகத்தின் பெரிய மர்மம் போய்விடும். கடையில் இரண்டாம் பாகம் மட்டும் இருந்தாலும் வாங்கி வைத்துக் காத்திருங்கள்.

பிரட்டுக்களம் | #6

அக்கா சொன்னது சரி. என் கையில் லியு சிஸினின் "த்ரீ பாடி ப்ராப்ளம்". சீனத்தில் 2006-இல் தொடராக வந்து 2008-இல் நூலானது. கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014, ஹியூகோ விருது 2015. முத்தொகுதியில் முதலும் மூன்றும் கென் லியு மொழிபெயர்த்தவை, நடுவிலுள்ளது ஜோயல் மார்ட்டின்சன். நடை மாறுகிறதே என்று திகைக்க வேண்டாம். இன்னொரு விஷயம்: சீன நூலில் கலாசாரப் புரட்சிப் பகுதி நடுவில் ஒளிந்திருக்கும், ஆங்கிலத்தில் அதுதான் முதல் அத்தியாயம். ஆசிரியர் முதலில் நினைத்த வரிசை ஆங்கிலத்தில் இருப்பதுதான்.

எனக்கு இதில் பிடித்தது விண்வெளி இல்லை. மூன்று கோடி படைவீரர்களைக் கொடியோடு மைதானத்தில் நிறுத்தி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டும் இடம். படிக்கிற பாதிப்பேர் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் இதைச் சின்ன அளவில் செய்து பார்க்க முடியும்.

ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே கட்டளை: "நீ பார்க்க வேண்டிய இரண்டு பேரும் கொடியைத் தூக்கியிருந்தால் மட்டும் உன் கொடியை இறக்கு. மற்ற எல்லா நேரத்திலும் தூக்கிப் பிடி." அவ்வளவுதான், இதற்கு நாண்ட் வாயில் என்று பெயர். புத்தகத்தில் ஒரு வாயிலுக்கு மூன்று வீரர்கள் வருவார்கள். நான் இங்கே பார்க்கிற ஆளையே வாயிலாக வைக்கிறேன், ஆள் மிச்சம்.

இப்போது அ, ஆ என்று இரண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள். முதல் ஆள் அ-வையும் ஆ-வையும் பார்க்கிறார். இரண்டாவது ஆள் அ-வையும் முதல் ஆளையும் பார்க்கிறார். மூன்றாவது ஆள் ஆ-வையும் முதல் ஆளையும். நான்காவது ஆள் இரண்டாவதையும் மூன்றாவதையும். அ, ஆ இருவரில் ஒருவர் மட்டும் தூக்கினால் நான்காவது ஆள் கொடி மேலே இருக்கும், இருவரும் தூக்கினாலோ இருவரும் இறக்கினாலோ கீழே இருக்கும். தாளில் நான்கு கட்டம் போட்டுச் சரிபாருங்கள். கூட்டலின் பாதி இதுதான்.

எண்களை 0, 1 மட்டும் உள்ள இரும முறையில் எழுதி, முந்தைய இலக்கத்திலிருந்து வரும் மிச்சத்தையும் சேர்த்தால் ஓர் இலக்கத்துக்கு 9 பேர். 8 இலக்கத்துக்கு 72 பேர், 255 வரைக்கும் உள்ள இரண்டு எண்களைக் கூட்டலாம். ஒருவர் பார்த்துக் கை அசைக்க அரை நொடி என்றால், மிச்சம் கடைசி இலக்கம் வரை போய்ச் சேர 20 அசைவு, 10 நொடி.

எங்கே கெடும் என்றால், முதலாவது, விடை நிற்பதற்கு முன்பே கொடிகள் மேலும் கீழும் ஆடும். அப்போதே மேற்பார்க்கும் தண்டல் எழுதிக்கொண்டால் தப்பான விடை. எனவே 10 நொடி கழித்துத் தப்பு மேளம் அடிக்க வேண்டும், அடித்த பிறகுதான் விடையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் மிச்சம் பக்கவாட்டில் போகும்போது கண்ணில் படாது. மரத்து நிரை மாதிரி நேர்வரிசையில் நிறுத்தாமல் படிக்கட்டு மாதிரி சாய்த்து நிறுத்துங்கள். மூன்றாவது, ஆள் தவறுவது. ஆயிரம் முறைக்கு ஒருமுறை ஒருவர் தவறினாலும், 72 பேருக்கு 14 கூட்டலில் ஒன்று தப்பாகும். மூன்று கோடிப் பேர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் பெரிய ஓட்டை அதுதான், ஆனால் படிக்கும்போது அதைக் கேட்கத் தோன்றாமல் எழுதியிருக்கிறார்.

கிராணி_கணக்கு | #7

ஐயா, பிரமாதம். நான் வானத்துப் பக்கத்தைச் சேர்க்கிறேன். கதையில் மூன்று சூரியன்களும் கண்டபடி சுற்றி அந்த உலகத்தை எரிக்கின்றன, உறைய வைக்கின்றன. கதை பெயர் சொல்கிற ஆல்ஃபா சென்டாரி விண்மீன்களில் உண்மையில் அப்படி நடக்காது. அங்கே ஏ, பி இரண்டும் ஒன்றையொன்று சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன, அது ஒழுங்கான சுற்று. மூன்றாவதான பிராக்ஸிமா அவற்றிலிருந்து பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 13,000 மடங்கு தள்ளி நிற்கிறது. ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுக்கு மேல். அவ்வளவு தூரத்திலிருக்கும் ஆள் சண்டையில் தலையிட முடியாது.

மூன்று பொருள் ஒன்றையொன்று இழுத்தால் பொதுவான சூத்திரம் எழுத முடியாது என்பது கணிதத்தில் சரி. ஆனால் மூன்று சூரியன்களும் ஏறக்குறைய ஒத்த தூரத்தில் இருந்தால்தான் அந்தக் குழப்பம் கதையில் வருகிற அளவுக்கு வெடிக்கும். ஆசிரியர் பெயரை மட்டும் நிஜத்திலிருந்து எடுத்தார், அமைப்பைத் தானே செய்துகொண்டார். குற்றமில்லை.

செம்பனை_பூ | #8

நான் மிகுபுனைப் பக்கம். நம்ம நாட்டு ஆட்கள் எழுதிய இரண்டு.

ஜென் சோவின் "பிளாக் வாட்டர் சிஸ்டர்", 2021. அமெரிக்காவிலிருந்து பினாங்குக்குத் திரும்பி வரும் பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டி பேசுகிறாள். பாட்டி சாமியாடி. கோயில் நிலத்தை வளைக்கும் பணக்காரர், கோபக்காரத் தெய்வம். தோட்டம் விற்றுப்போய் முனியாண்டி கோயிலை எங்கே நகர்த்துவது என்று பேச்சு நடந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். சீனத் தெய்வத்தின் பெயரை மாற்றி வைத்தால் நம்ம கதை. ஹொக்கியன் சொற்களுக்கு அருஞ்சொல் பட்டியல் கிடையாது, தேவையும் இல்லை.

யாங்ஸே சூவின் "தி நைட் டைகர்", 2019. 1931-இல் பத்து காஜாவும் ஈப்போவும். இறந்த எஜமானரின் வெட்டுப்பட்ட விரலை 49 நாளுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய 11 வயது வேலைக்காரப் பையன். புலியாக மாறும் மனிதன். 49 நாள் என்று நாள் எண்ணிக்கை வைத்தது கெட்டிக்காரத்தனம், ஒவ்வோர் அத்தியாயத்திலும் கடிகாரம் ஓடுகிறது.

எனக்குப் பிடிக்கிறது மந்திரத்துக்குக் கறாரான விதி வைக்கிற கதைகள். என்ன செய்ய முடியும், என்ன விலை, எப்போது செல்லாது என்று. இது புதுசாக வந்த பழக்கம், பழைய கதையில் மந்திரம் சொன்னால் எல்லாம் நடந்துவிடும்.

மெர்போக்_ஓடை | #9

> பழைய கதையில் மந்திரம் சொன்னால் எல்லாம் நடந்துவிடும்

தம்பி, மணிமேகலையைத் திறந்து பாருங்கள். மணிமேகலா தெய்வம் அவளுக்குக் கொடுப்பது மூன்றே மந்திரம்: வேற்றுருவம் எடுக்க, வானத்தில் போக, பசியைத் தாங்க. நான்காவது கிடையாது. பசியைத் தாங்கும் மந்திரம் அவளுக்கு மட்டும், ஊருக்குச் சோறு போட அது உதவாது. அதற்கு அமுதசுரபி தனியாக வர வேண்டும். அது கோமுகிப் பொய்கையில் வைகாசி முழுநிலா அன்றுதான் மேலே வரும். கையில் வந்த பிறகும் உடனே சுரக்காது, கற்புடைய பெண் ஒருத்தி முதல் பிச்சை இட வேண்டும், ஆதிரை இடுகிறாள். எத்தனை நிபந்தனை பாருங்கள்.

விலையும் இருக்கிறது. உதயகுமரனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான், தன் மனைவி இன்னொருவனோடு பேசுவதாக நினைத்து உதயகுமரனை வெட்டிவிடுகிறான். மந்திரம் வேலை செய்தது, சரியாகவே வேலை செய்தது, அதனால்தான் கொலை. இதைவிடக் கறாரான விதியை எந்தப் புதுப் புத்தகத்தில் பார்த்தீர்கள்? (முடிவை உடைத்துவிட்டேன் என்று நீக்க வேண்டாம் மங்கு அண்ணே, இதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் அவகாசம் கொடுத்தாகிவிட்டது.)

மூலம் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மின்னூல் தொகுப்பு. உரை இல்லாமல் நேராக இறங்கினால் இரண்டாம் காதையில் படுத்துவிடுவீர்கள், பதம் பிரித்த பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலா_சிபி | #10

மின்னூல் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு. பழைய தமிழ்க் கோப்புகள் சில யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி போன்ற குறியாக்கத்தில் இருக்கும். திறந்தால் ஐரோப்பிய எழுத்துக்குப் புள்ளியும் கொம்பும் வைத்த மாதிரி குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, குறியாக்க மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் சரியாகும். அதேபோல் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று மூன்றாகச் சிதறித் தெரிந்தால் கருவியில் தமிழைக் கோத்துக் காட்டும் வசதி இல்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

படமாக வருடிய பிடிஎஃப் வேறு தொல்லை. கையடக்கமான 6 அங்குல மின்னூல் படிப்பியின் திரை அகலம் 91 மில்லிமீட்டர். ஏ5 அளவுப் பக்கம் 148. அப்படியே காட்டினால் 11 புள்ளி எழுத்து 7 புள்ளிக்குக் கீழே சுருங்கும், "ண", "ன" வித்தியாசம் தெரியாது. ஓரத்து வெள்ளையை வெட்டுங்கள், பிறகு படிப்பியைப் படுக்கவைத்துப் பாதிப் பாதிப் பக்கமாகப் படியுங்கள். அப்போது அகலம் 122 கிடைக்கும், எழுத்து 9 புள்ளிக்கு வரும். கிண்டிலுக்கு அனுப்புகிறவர்கள் இப்போது ஈபப் கோப்பையே அனுப்பலாம், மோபியாக மாற்றுகிற பழைய வேலை 2022-இலிருந்து தேவையில்லை.

பிரட்டுக்களம் | #11

தாள் புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்கு: நம் சீதோஷ்ணத்தில் பூசணமும் ராமபாணமும்தான் எதிரி. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் விடுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த அலமாரியில் போடுவது காசுக்குக் கேடு. பூச்சி விழுந்த பழைய புத்தகத்தை வாங்கினால், காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் வியர்த்துத் தாள் நனைந்துவிடும். பாச்சை உருண்டை வாசனை தாளில் ஏறினால் போகாது, வேண்டாம்.

செம்பனை_பூ | #12

மெர்போக் அக்கா, மணிமேகலை விஷயத்தில் தோற்றுவிட்டேன். அடுத்தது கேட்கிறேன்: கடாரத்தை, அதாவது பழைய கெடாவை, வைத்து மிகுபுனை எழுதுகிறவர்கள் எதில் தவறுகிறார்கள்? நமக்குப் பக்கத்து ஊர் ஆச்சே.

மெர்போக்_ஓடை | #13

முக்கியமாகக் கடலில். ராஜேந்திரனின் படையெடுப்பு 1025. நாகப்பட்டினத்திலிருந்து கெடாக் கரைக்கு நேர்கோட்டில் சுமார் 2,300 கிமீ. பாய்மரம் மணிக்கு 7 கிமீ என்று இரவு பகலாக ஓடினாலும் இரண்டு வாரம். காற்றுக்காகக் காத்திருப்பதையும் வளைந்து போவதையும் சேர்த்தால் மூன்று நான்கு வாரம். ஏழாம் நூற்றாண்டில் இந்த வழியாக வந்த சீனத் துறவி யீஜிங், கெடாவிலிருந்து நிக்கோபாருக்கே பத்து நாளுக்கு மேல் ஆனதாக எழுதியிருக்கிறார். நம் நாவல்களில் நாயகன் மூன்றாம் நாள் கரையேறி நான்காம் நாள் காதலிக்கிறான்.

காற்றின் திசையும் முக்கியம். கிழக்கே வர மேற்குக் காற்று வேண்டும், தென்மேற்குப் பருவம். திரும்பிப் போக வடகிழக்குப் பருவம். ஒரே மாதத்தில் போய்வந்துவிட்டதாக எழுதினால் கதை அங்கேயே முறிந்துவிடும். ஆள் இங்கே மாதக்கணக்கில் தங்கித்தான் ஆக வேண்டும், அந்தத் தங்கலில்தான் நல்ல கதை இருக்கிறது.

சரியாகச் செய்யக்கூடியது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் தலை தெரியும் என்பதற்கு, மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள்: சுமார் 125 கிமீ. வானம் தெளிந்திருந்தால் கரை தெரிவதற்கு முந்தைய நாளே மாலுமிக்கு மலை தெரிந்துவிடும். மாலையில் மேகம் மூடும் மலை என்பதால் அதிகாலையில் பார்த்ததாக எழுதுங்கள். ஊரைக் கட்டும்போது தங்கக் கோபுரம் வேண்டாம், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம் கிடைத்திருக்கிறது. கரிப்புகை, துருத்தி, சேற்றுப் படித்துறை. மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயில் இருக்கிறது, அடித்தளத்தின் அளவைப் பார்த்தால் கோயிலை எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்று ஒரு கட்டுப்பாடு வரும்.

மங்கு_உளி | #14

இத்தனை பேசியும் ரப்பர்த் தோட்டத்தை வைத்து யாராவது அறிபுனை படித்ததாகச் சொல்லவில்லை. எழுதப் பார்க்கிறவர்கள் இங்கே இருப்பதால் சரக்கைக் கொட்டுகிறேன்.

முதல் கரு: இலைக்கருகல். தென்னமெரிக்காவில் ரப்பரின் இளந்தளிரைத் தின்னும் பூஞ்சை, காற்றில் பரவும். மரங்களை நெருக்கி நட்டால் ஒன்றிலிருந்து ஒன்று தொற்றித் தோப்பையே மொட்டையாக்கும். ஹென்றி ஃபோர்ட் 1928-இல் பிரேசிலில் தொடங்கிய தோட்டம் தோற்றதற்கு அது ஒரு பெரிய காரணம். 1876-இல் விக்ஹாம் கொண்டுபோன சுமார் 70,000 விதையில் முளைத்தவற்றிலிருந்து 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்று. நம் பக்கத்து மரங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வம்சம். சொந்தக்காரர்களுக்குள்ளேயே கல்யாணம் மாதிரி, ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். விமானச் சக்கரத்துக்கு இயற்கை ரப்பரை முழுதாக மாற்ற இன்னும் வழியில்லை. பூஞ்சை எப்போது வந்தால் மோசம்? பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து செம்புநிறத் தளிர் விடும்போது. அப்போது மழையும் சேர்ந்தால் முடிந்தது. வேற்றுக்கிரகவாசியே தேவையில்லை, ஒரு பயணியின் காலணி போதும்.

இரண்டாவது, தலைமுறை தலைமுறையாகப் போகும் விண்கப்பலில் ரப்பர்ப் பால் வெட்டுவது. தொழில் விவரம் தப்பினால் இந்த ஊர் வாசகர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார். மரம் ஐந்து ஆறு வயதாகி, சுற்றளவு 45, 50 சென்டிமீட்டர் ஆனால்தான் வெட்டத் திறப்பார்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. பால்குழாய்கள் எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுவதால் இந்தத் திசையில் வெட்டினால் கூடுதலான குழாய் அறுபடும். ஒருமுறைக்குச் சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. ஆழம் மரத்தின் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும், தொட்டால் காயம், முடிச்சு விழும், அந்த இடத்தில் மறுபடி உளி ஓடாது. அரைச்சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

கிராணி_கணக்கு | #15

எடையற்ற கப்பலில் பால் வருமா, அண்ணே?

மங்கு_உளி | #16

வரும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழாது. பாலை வெளியே தள்ளுவது புவியீர்ப்பு இல்லை, குழாய்க்குள் இருக்கும் அழுத்தம். விடியலுக்கு முன்னால் அது பத்து வளிமண்டலத்தைத் தாண்டும். வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கினால் குறையும். இருட்டில் வெட்டப்போவது அதனால்தான். எனவே கப்பலிலும் வெட்டின இடத்தில் பால் பொங்கும், ஆனால் ஒழுகாமல் பட்டையோடு ஒட்டிக் கோழிமுட்டை மாதிரி திரளும். அங்கேயே உறைந்து ஒட்டுப்பாலாகிவிடும். உறிஞ்சுகுழல் வைக்க வேண்டும், அல்லது கப்பலைச் சுழற்ற வேண்டும். செவ்வாயில் ஈர்ப்பு நம்மில் 38 சதவீதம், ஒழுகும், மெதுவாக ஒழுகும். சொட்டும் பெரிதாக இருக்கும், மங்கை வெட்டுக்கு இன்னும் கிட்டத்தில் மாட்டுங்கள்.

இன்னொன்றை மறக்காதீர்கள்: கப்பலில் எந்நேரமும் விளக்கு எரிந்தால் மரத்துக்கு விடியலே கிடையாது. அழுத்தம் ஏறாது. பாலுக்காகவே ராத்திரியைத் தயாரிக்க வேண்டும். அப்புறம் அமோனியா, சில மணி நேரத்துக்கு மேல் பாலைக் கெடாமல் வைக்க அது வேண்டும், மூடிய கப்பலில் அமோனியா ஆவி எங்கே போகும்? உறையவைக்க ஃபார்மிக் அமிலம், அதன் கழிவுநீர் எங்கே போகும்? கதைக்குள் சண்டை அங்கேதான் தொடங்கும், துரைக்கும் ஆளுக்கும் நடுவில்.

நிலா_சிபி | #17

பெயர்கள் மட்டும் இரண்டெழுத்தில் வைக்காதீர்கள். அது ஏற்கனவே எடுத்தாயிற்று.

கிராணி_கணக்கு | #18

பிரட்டுக்களம் ஐயா, தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் இலக்கத்துக்கு முன்னால் மிச்சம் வர இடமில்லை, அங்கே 9 பேர் தேவையில்லை, 5 பேர் போதும். மொத்தம் 72 இல்லை, 68.

பிரட்டுக்களம் | #19

சரிதான். அந்த 4 பேரையும் தே தாரேக் கலக்க அனுப்பிவிடுகிறேன்.